பச்சைக் கூபேயின் வலப்பக்கக் கதவு

நான் கட்டியெழுப்பியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பனங்குற்றியும் கிடுகும் வைத்து ஒரு ரிங்கரிங் கொட்டில் போட்டேன். கார்த் தகட்டின் நெளிவு எடுத்துப் பெயின்ற் அடிக்கிற வேலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அந்தக் கொட்டிலைக் கல்லுக் கட்டடம் ஆக்கினேன். அது ஷெல் விழுந்து போனது. போன இடத்திலேயே மறுபடி கட்டினேன். றொரன்ரோவுக்கு வந்து சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். கோப்பை கழுவும் மெசின் பழுதாகி முதலாளி தலையில் கை வைத்தபோது அதையும் நானே திருத்திக் கொடுத்தேன். பிறகு மோர்னிங்சைட்டில் என் பெயரில் கராஜ் திறந்தேன். பெயின்ற் அடிக்கும் அறையை, இடித்த பேக்கரி ஒன்றின் காற்றாடியையும் தகரத்தையும் ஏற்றி வந்து என் கையாலேயே கட்டினேன். சோதிக்க வந்த அதிகாரி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு எந்தக் கொம்பனி செய்தது என்று கேட்டார். நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். பிள்ளைகள் எல்லோரையும் யூனிவேர்சிற்றி வரை படிப்பித்தேன். இவ்வளவும் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்தது.

இதற்கெல்லாம் சாட்சி இருக்கிறது. கராஜ் நிற்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்த அதிகாரியும் எங்கேயோ இருப்பார். ஆனால் நான் செய்த வேலைகளிலேயே பெரிய வேலைக்குச் சாட்சி இல்லை. அதை இப்போது வேறொருவன் கணக்கில் எழுதிவிட்டார்கள். அவன் யார் என்று அவர்களுக்கும் தெரியாது.

நம் வாகனத் திருத்துநர்கள் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் வெளியிடப் போவதாகவும், நான் ஓய்வெடுத்துவிட்டதால் இளம் பிள்ளைகளுக்கு உதவும்படி ஏதாவது எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். நான் சொல்லச் சொல்ல மனைவி பூமணி எழுதுகிறாள். அவள் ஊரில் ஆசிரியையாக இருந்தவள். ஆசிரியை ஒருத்தி ஏழாம் வகுப்புக்காரனைக் கட்டியது எப்படி என்பது வேறு கதை. எழுதும்போது அவள் என் வசனத்தைத் திருத்துகிறாள். நான் அவள் திருத்தியதைத் திருத்துகிறேன். முதலில் காரின் முன்மூடி, அந்தப் பொனற்றின் நெளிவைப் பற்றித்தான் சொல்லத் தொடங்கினேன். அதே கிழமையில் பாலன் அந்தச் சஞ்சிகையைக் கொண்டுவந்தான்.

பாலன் காரைநகர் ஆள். இப்போது இழுவை லொறி ஓட்டுகிறான். முன்பு நானும் அவனும் றொரன்ரோவின் ரெக்ஸ்டேல் பகுதியில் ஒரே இடத்தில் வேலை செய்தோம். பழைய கார் பிரியர்கள் வாசிக்கிற பளபளப்பான சஞ்சிகை அது. தன் வாடிக்கையாளர் ஒருவரின் காரில் கிடந்ததாம். கதிரையில் இருக்கமுன்னமே பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தான். பார்த்த உடனே தெரிந்தது. வெள்ளரிப்பிஞ்சுப் பச்சையில் உடம்பு, பால் வெள்ளையில் கூரை, இரண்டே இரண்டு நீளக் கதவு. ஐம்பதுகளில் அமெரிக்காவில் செய்த கூபே. பெற்ற பிள்ளையை வகுப்புப் படத்தில் தேடவேண்டுமா?

அந்தக் கார் மறுபடி சேகரிப்பாளர்களுக்கு விலைக்கு வந்திருக்கிறது. பெரிய படத்துக்குக் கீழே ஒரு சின்னப் படம். கதவின் உட்தகடு. அதில் மஞ்சள் மெழுகுக்கட்டியால் போட்ட ஒரு சுழி. பூமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துச் சொன்னாள். தொழிற்சாலையில் பூசிய பெயின்ற் முழுவதும் அப்படியே இருக்கிறதாம். பின்னர் எந்தக் கையும் படாத காராம். வலப்பக்கக் கதவுக்குள், அன்று தொழிற்சாலையில் நின்ற பெயர் தெரியாத தொழிலாளி ஒருவர், கதவைச் சரிபார்த்துப் போட்ட அடையாளம் இன்றும் அழியாமல் இருக்கிறதாம். இப்படி ஒரு சான்று கிடைப்பது அரிதாம்.

பாலன் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணை, எங்கட பிள்ளையார் டெட்ரொயிற் ஃபக்டரியில யூனியன் மெம்பரா இருந்தவராம். உங்களுக்குத் தெரியுமோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சுழி என்னுடையது.

இளம் பிள்ளைகளுக்கு விளங்குவதற்காகக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். வேலை பழகிய காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொக்குவிலில் ஒரு பெரியவரிடம் சேர்ந்தேன். முதலில் தகடு தேய்த்தேன், பிறகு தகடு பிடித்தேன், பிறகு தகட்டில் அடித்தேன், பிறகு அவர் நித்திரை கொள்ள நானே கடையைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

ஆனால் அங்கே பழகிய ஒரு வேலை இந்த நாட்டில் ஒருவருக்கும் தெரியாது. இறக்குமதி நின்றிருந்த காலம் அது. புதுக் கார் கிடையாது. பெண்ணுக்குச் சீதனமாகப் பழைய கார்தான் கொடுப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருமுன் பெண்ணின் தகப்பன் காரை எங்களிடம் கொண்டுவருவார். புதிதாகப் பெயின்ற் அடிக்கவேண்டாம் என்பதுதான் முதல் நிபந்தனை. புதிதாக அடித்தால், மாப்பிள்ளை வீட்டார் கூட்டிவரும் ஆள், என்னத்தையோ மறைக்க அடித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவான். அவன் மடக்கிய விரல் மொழியால் தகடு தகடாகத் தட்டிக் கேட்பான். பள்ளத்தை நிரப்பப் பட்டிப் பசை அப்பிய இடம் செத்த சத்தம் போடும். ஆகவே பட்டி வைக்காமல் தகட்டைத் தகட்டாலேயே நிமிர்த்த வேண்டும். அதன்மேல் அடிக்கும் பெயின்ற், வெயிலில் நின்று வெளுத்த பக்கத்துப் பெயின்றோடு ஒட்டிப் போகவேண்டும். கார் எங்கள் கொட்டிலுக்கு வந்து போனதே தெரியக்கூடாது. அதுதான் வேலை. நான் அனுப்பிய கார்களால் ஒரு கலியாணமும் குழம்பவில்லை.

இன்னொன்று. நாங்கள் தகட்டில் சுத்தியல் வைக்குமுன், அதன் உட்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில், ஒரு பிள்ளையார் சுழி போடுவோம். பள்ளிக்கூடப் பிள்ளை கொப்பியின் தலைப்பில் போடுவதுபோலத்தான். சோக்கட்டியோ ஆணியோ, கையில் இருப்பது எதுவோ அதனால். ஒருநாள் அவசரத்தில் போடாமல் தொடங்கி என் சுட்டுவிரலை நானே அடித்து உடைத்தேன். அந்த விரல் இன்றும் மடங்காது. அதற்குப் பிறகு என் சுழியின் வால் நேரே போகாது; மேலே கிளம்பி, கொக்கி மாதிரி நிற்கும். சஞ்சிகைப் படத்திலும் அப்படியே நிற்கிறது.

இனி ரெக்ஸ்டேலுக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம். பழைய அமெரிக்கக் கார்களை எடுத்து, துப்புரவாக்கி, சேகரிப்பாளர்களுக்கு விற்றுக் கொடுக்கும் ஒரு பெரிய கொட்டகை அங்கே இருந்தது. முதலாளி மிஸ்டர் டன்கன். ஸ்கொட்லாந்தில் பிறந்தவர், ஒல்லி, குரல் உயர்த்தமாட்டார். பாலன் அங்கே கார் கழுவிக்கொண்டிருந்தான். அவன்தான் என்னைக் கூட்டிப்போனான். நடராசா என்ற பெயரின் முன் பாதியை டன்கனால் சொல்ல முடியவில்லை. பின் பாதியை எடுத்துக்கொண்டு ராஜா என்று கூப்பிட்டார். ஒரு வெள்ளைக்கார முதலாளி தினமும் ராஜா என்று கூப்பிட வேலை செய்தவன் இந்த நகரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவருடைய முறைகளைச் சொல்லவேண்டும். காலையில் வந்ததும் மேல்கோட்டைக் கழற்றுவார். பிறகு கைக்கடிகாரம். பிறகு மோதிரம்; அதை ஒரு சின்னத் தகரப் பெட்டிக்குள் போட்டு மூடுவார். பிறகு இடுப்புப் பட்டி. நாங்களும் அப்படியே செய்யவேண்டும், காருக்குப் பக்கத்தில் உடம்பில் இரும்போடு ஒருவரும் போகக்கூடாது. துடைக்கிற துணி பழைய ஃபிளனல். அதை மடித்து, ஒரு மடிப்பால் ஒரு தகட்டை மட்டும் துடைக்கவேண்டும். வட்டமாகத் துடைக்கக்கூடாது, காற்று ஓடுகிற திசையில் நேராக இழுக்கவேண்டும். நிலத்தில் விழுந்த துணி காருக்குத் திரும்ப வராது. அது சப்பாத்துத் துடைக்கப் போகும். கொட்டகையின் நிலம் தண்ணீர் ஓடுவதற்காக நடுவை நோக்கிச் சரிவாக இருந்தது. அதனால் வேலை ஆயுதங்கள் வைக்கும் தள்ளுவண்டியை நிறுத்தினால் அதன் சில்லைப் பூட்டிவிட்டுத்தான் கையை எடுக்கவேண்டும். இதை யாராவது மறந்தால் டன்கன் ஏசமாட்டார். தானே வந்து பூட்டிவிட்டு, மறந்தவனைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஏச்சு வாங்குவது அதைவிட நல்லது.

எல்லாவற்றையும்விட எனக்குக் குழப்பமாக இருந்தது அவருடைய ஒரு சொல். மங்கிய குரோமைக் காட்டி இதை மினுக்கட்டுமா என்று கேட்பேன். "லீவ் இற்" என்பார், அப்படியே விடு என்று. கிழிந்த இருக்கையைக் காட்டுவேன். "லீவ் இற்." துருப் பொட்டு. "லீவ் இற்." என் வாழ்க்கை முழுவதும் பழையதைச் சரியாக்குவதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். இங்கே தொடாமல் இருப்பதற்குச் சம்பளம். வீட்டுக்கு வந்து, எனக்கு என்ன வேலை என்று பூமணி கேட்டால் சொல்லத் தெரியாமல் இருந்தேன்.

பாலன் விளக்கம் சொன்னான். "அண்ணை, உந்த ஆக்கள் பழசை வாங்கிறேல்ல, பழசா இருக்கிறதை வாங்கினம்."

அது எனக்கு இன்றைக்கும் சரியாக விளங்கவில்லை. விளங்கியதுபோல் தலையை ஆட்டினேன்.

அந்தக் காலத்தில்தான் பச்சைக் கூபே வந்தது. றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே இருந்த மிஸிஸ் பெனட் என்ற விதவையின் கார். கணவர் புதிதாக வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓட்டியிருக்கிறார். அவர் இறந்தபின் அது கராஜில் கம்பளிப் போர்வைக்குள் நின்றிருக்கிறது. அந்த அம்மா வீட்டைக் கொடுத்துவிட்டு மகளுடன் போகப் போகிறார். கார் நல்ல கைக்குப் போகவேண்டும் என்பதுதான் அவர் விருப்பம். லொறியிலிருந்து இறக்கியபோது டன்கன் முதல்முறையாகக் காருக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றார். பெயின்ற் முழுவதும் தொழிற்சாலையில் பூசியபடியே. கிட்டப்போய்ப் பார்த்தால் அதில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள். அந்தக் காலத்து லாக்கர் பெயின்ற் பல வருடக் குளிரிலும் வெயிலிலும் சுருங்கி விரிந்து அப்படி வெடிக்கும். எனக்குக் கை துறுதுறுத்தது, எல்லாவற்றையும் உரித்துவிட்டுக் கண்ணாடி மாதிரி அடித்துக் காட்டலாம் என்று. டன்கன் என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார், லீவ் இற் என்று.

கழுவினோம், துடைத்தோம், போர்த்தோம். விற்பனை நாளுக்கு ஆட்கள் தூர இடங்களிலிருந்து வருவதாக இருந்தது. ஒரு காலை, டன்கனுக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேசிவிட்டுத் திரும்பி வந்தவர் வழக்கமான ஆளாக இல்லை. என்ன செய்தி என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார், ஏதோ நினைத்தவர் போல நின்றார், கையை எடுத்தார். சில்லைப் பூட்டவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி தன்பாட்டில் மெல்ல உருண்டது, நடக்கப் பழகும் குழந்தை மாதிரி. நான் ஓடினேன், பாலனும் ஓடினான். இரண்டு பேருக்கும் முன்னால் அது பச்சைக் கூபேயின் வலப்பக்கக் கதவில் போய் நின்றது. சத்தம் பெரிதில்லை. கதவின் கீழ்ப் பாதியில் உள்ளங்கை அளவு குழி. நடுவில் பெயின்ற் உதிர்ந்து வெள்ளைத் தகடு தெரிந்தது.

டன்கன் அந்தக் குழிக்கு முன்னால் குந்தினார். தொடவில்லை. எழும்பும்போது கதவைப் பிடிக்காமல் தன் முழங்காலைப் பிடித்து எழும்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ராஜா," என்றார். "கான் யூ?"

முடியுமா என்றுதான் கேட்டார். திருத்து என்று சொல்லவில்லை. மறை என்றும் சொல்லவில்லை. யெஸ் சேர் என்றேன். அவர் போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாலன் என் காதுக்குள் கேட்டான். "அண்ணை, சீதனக் கார் வேலையோ?"

"ஓம்," என்றேன். "மாப்பிள்ளை பகுதி வரமுன்னம் முடிக்கவேணும்."

கதவின் உள்மட்டையைக் கழற்றினேன். மெழுகுக்கட்டி கையில் இருந்தது. கழற்றிய பாகங்களில் குறிப்பு எழுதுவதற்காக டன்கன் எங்களுக்குத் தந்திருந்த மஞ்சள் மெழுகுக்கட்டி. உட்தகட்டில் சுழி போட்டேன். யோசித்துச் செய்யவில்லை. யோசித்துச் செய்கிற காரியமா அது? பிறகு சுத்தியலை எடுத்தேன்.

இனிச் சொல்வதை இளம் பிள்ளைகள் கவனமாக வாசிக்கவேண்டும். குழியின் நடுவில் அடிக்கக்கூடாது. தகடு கடைசியாக எங்கே மடிந்ததோ அங்கே, அதாவது விளிம்பில் தொடங்கி, உள்ளே வரவேண்டும். வெளியே இரும்புக் கட்டியைப் பிடித்து, உள்ளே சின்னச் சின்ன அடி. கண்ணால் பார்க்கக்கூடாது, உள்ளங்கையால் தடவிப் பார்க்கவேண்டும். கண் பொய் சொல்லும். பட்டி ஒரு சொட்டும் வைக்கவில்லை. தட்டிப் பார்த்தேன். மற்றக் கதவு போட்ட சத்தத்தையே இதுவும் போட்டது.

பெயின்ற்தான் கடினம். லாக்கரைப் பழைய சரக்கு விற்கிற ஒருவரிடம் தேடி எடுத்தேன். வெயில் படாத இடத்துப் பச்சையும் வெயில் பட்ட பச்சையும் ஒன்றல்ல. வெயில் பட்ட பச்சைக்குள் கொஞ்சம் மஞ்சள் ஏறி, கொஞ்சம் சாம்பல் ஏறி இருக்கும். ஒரு தகரத் துண்டில் அடித்து, காயவைத்து, கதவில் பிடித்துப் பார்த்து, எறிந்துவிட்டு மறுபடி கலந்தேன். பாலன் எறிந்த துண்டுகளைச் சுவரோடு அடுக்கி வைத்துப் பச்சைக் கடை என்று பெயர் வைத்தான். கடைசியில் ஒரு துண்டை நானே கதவில் வைத்துவிட்டு எங்கே வைத்தேன் என்று தேடினேன். அதுதான் சரி என்று தெரிந்தது.

ஆனால் அந்தச் சிலந்தி வலைக் கீறல்? யாழ்ப்பாணத்தில் நான் அதைச் செய்ததில்லை. அங்கே குளிர் இல்லை, லாக்கர் அப்படி வெடிக்காது. ஊசியால் கீறிப் பார்த்தேன். கீறியது கீறியது மாதிரியே இருந்தது. அப்போது மாசி மாதம். பின் கதவைத் திறந்து வெளியே பார்த்தேன். மூச்சு வெள்ளையாகப் போனது. சரி, இந்தக் குளிரும் எனக்கு ஒரு வேலை செய்யட்டும் என்று நினைத்தேன். கதவைக் கழற்றி, பெயின்ற் அடித்த இடத்தைச் சூட்டு விளக்கால் சுடவைத்தேன். சுடச்சுடப் பாலனும் நானுமாகத் தூக்கிக்கொண்டு வெளியே பனிக்குள் ஓடினோம். மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. பக்கத்துக் கட்டடத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எங்களுக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஒரு தரம் வெளியே வைத்தபோது மெல்லிய சத்தம் கேட்டது, அப்பளம் நொறுங்குகிற மாதிரி. குனிந்து பார்த்தேன். பழைய வெடிப்பு வந்து நின்ற இடத்திலிருந்து என் வெடிப்பு தொடங்கிப் போயிருந்தது. எது எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை. இதை உலகத்தில் வேறு யாராவது செய்திருந்தால் வந்து சொல்லட்டும்.

கதவைக் காரில் திரும்பப் பூட்டி, உள்மட்டையைப் போட்டு, டன்கனைக் கூப்பிட்டேன். மோதிரம், கடிகாரம் எல்லாம் கழற்றிவிட்டு வந்தார். காரைச் சுற்றி நடந்தார். வலப்பக்கத்தில் நின்றார், நடந்தார், திரும்ப வந்து நின்றார். நான் ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைச் சேர்த்து, மிஸ்டர் டன்கன், கதவு எப்படி என்று கேட்டேன்.

"வட் டோர்?" என்றார். எந்தக் கதவு?

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதைத்தான் நான் இத்தனை காலமாக உருட்டிக்கொண்டிருக்கிறேன். எந்தக் கதவு என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் செய்திருக்கிறாய் என்றாரா? அப்படியென்றால் என் தொழிலில் அதைவிடப் பெரிய பட்டம் இல்லை. அல்லது, அப்படி ஒரு கதவே இல்லை, இனி இதைப் பற்றிப் பேசாதே என்றாரா? அப்படியென்றால் என் வேலையை என் கண்ணுக்கு முன்னாலேயே குழி தோண்டிப் புதைத்தார். அவர் முகத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பாலன் முதலாவது என்றான். பூமணி இரண்டாவது என்றாள். நான் திங்கட்கிழமை ஒன்றை நம்பினால் செவ்வாய்க்கிழமை மற்றதை நம்பினேன்.

விற்பனை நாளில் வாங்க வந்தவர்களில் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர்தான் விஷயம் தெரிந்தவர். ஒட்டாவாவிலிருந்து வந்திருந்தார். துணி சுற்றிய காந்தத்தைத் தகடு தகடாக வைத்துப் பார்த்தார். பட்டி இருந்தால் காந்தம் பிடிக்காது. பிறகு விரல் மொழியால் தட்டினார். எனக்கு ஒரு கணம் நான் கோண்டாவிலில் நிற்கிறேனா ரெக்ஸ்டேலில் நிற்கிறேனா என்று தெரியவில்லை. வலப்பக்கக் கதவுக்கு வந்தார். குந்தினார். சின்ன விளக்கைச் சரித்துப் பிடித்து என்னுடைய வெடிப்புகளைப் பார்த்தார். பிறகு டன்கனிடம் சொன்னார், காரிலேயே அழகான இடம் இதுதான், இதைக் காலம்தான் செய்யும், மனிதன் செய்ய முடியாது என்று.

நான் ஃபிளனல் துணியோடு மூன்றடி தள்ளி நிற்கிறேன். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய புகழ் அது. அதை என்னிடம் சொல்லாமல் காலத்திடம் சொன்னார். பாலன் முழங்கையால் என்னை இடித்தான். டன்கன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பின் கண்ணாடிக்குள் வைத்திருந்த அட்டையில் மட்டும், பெயின்ற் முழுவதும் தொழிற்சாலைப் பெயின்ற் என்று முன்பே எழுதியிருந்தபடி இருந்தது.

மிஸிஸ் பெனட்டும் அன்று வந்திருந்தார். கடைசியாக ஒருமுறை பார்க்க. அவர் நேரே வலப்பக்கக் கதவுக்குத்தான் போனார். கணவர் ஓட்ட, அத்தனை வருடமும் அவர் இருந்த பக்கம் அதுதானே. கதவின் கீழ்ப் பாதியில் கையை வைத்து, சரியாக அந்த இடத்தில், கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து நன்றி சொன்னார். எதற்கு? கழுவியதற்கா, துடைத்ததற்கா? டன்கன் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாரா? அவர் என் பெயரைக் கேட்டார். முழுப் பெயரையும் சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, மூன்றாம் தரம் சரியாகச் சொன்னார். அந்தக் கொட்டகையில் என் பெயரை முழுதாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

வெள்ளைத் தாடிக்காரரே காரை வாங்கினார். நான் பிறகு சொந்தக் கராஜ் போடுவதற்காக விலகினேன். கடைசி நாள் டன்கனிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். வேலை முடிந்த நேரம், கடிகாரத்தையும் மோதிரத்தையும் மறுபடி போட்டுக்கொண்டு மேசையில் இருந்தார். பக்கத்தில் ஒரு காரும் இல்லை. எழும்பினார். தகரப் பெட்டியைத் திறந்தார். கடிகாரத்தைக் கழற்றினார், மோதிரத்தைக் கழற்றி உள்ளே போட்டார். அதற்குப் பிறகுதான் எனக்குக் கை கொடுத்தார். பழக்கத்தில் செய்தாரோ, தெரிந்து செய்தாரோ. கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை, இப்போது கேட்க அவரும் இல்லை.

இதுதான் நடந்தது. சஞ்சிகையைப் பார்த்த அன்றே அவர்களுக்குக் கடிதம் போடச் சொன்னேன். பூமணி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீங்கள் எழுதிப் போட்டா அந்தக் கார் கை படாத கார் இல்லையெண்டு ஆகும்," என்றாள். "இப்ப வைச்சிருக்கிற மனுசன் உங்களுக்கு என்ன செய்தது?"

"அப்ப என்ர கை?"

"உங்கட கை தெரியக்கூடாதெண்டுதானே அவ்வளவு பாடுபட்டனீங்கள்?"

அதுவும் சரிதான். இருந்தாலும் நான் சொல்வது பிழை என்றும் எனக்குத் தோன்றவில்லை. யாருக்கும் தெரியக்கூடாது என்று செய்தேன், சரி. ஆனால் யாருக்கும் தெரியாமல் இருப்பதும் இன்னொருவன் பெயரில் இருப்பதும் ஒன்றா? சீதனக் கார் நாட்களில் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாவிட்டாலும் பெண்ணின் தகப்பனுக்குத் தெரியும். கலியாணப் பந்தியில் என்னை முன்வரிசையில் இருத்துவார். ஏன் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்கும் அவருக்கும் தெரியும். அது எனக்குப் போதுமாக இருந்தது. இங்கே பந்தியும் இல்லை, தகப்பனும் இல்லை. டெட்ரொயிற்றில் என்றோ நின்ற ஒருவன் என் இடத்தில் இருந்து சாப்பிடுகிறான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனும் நல்ல தொழிலாளியாக இருந்திருப்பான். ஆனால் அவன் சுழி போட்டவன் அல்ல.

ஆகவே மலர்க் குழுவுக்கு நான் சொல்வது இது. இளம் பிள்ளைகளுக்கு அறிவுரை வேண்டுமென்றால் மேலே குழி எடுக்கும் முறை இருக்கிறது, அதைப் படிக்கட்டும். பாலன் வெட்டித் தந்த அந்தச் சின்னப் படத்தை இதோடு அனுப்புகிறேன். அதை மலரில் போடவேண்டும். ஒதுக்குப்புறத்தில் முத்திரை அளவில் அல்ல, அரைப் பக்கத்துக்கு. காரைப் பற்றி அவர்கள் எழுதியதை நான் மாற்றக் கேட்கவில்லை. கை படாத கார் என்றே இருக்கட்டும், வாங்கியவர் சந்தோசமாக ஓட்டட்டும், தமிழ் வாசிக்கத் தெரிந்தால் மட்டும் வந்து என்னோடு சண்டை பிடிக்கட்டும். ஆனால் பெயர் தெரியாத தொழிலாளி என்று எழுதியிருக்கிறார்களே, அதை நான் விடமாட்டேன். பெயர் தெரியும். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் போடுங்கள்: சுழி போட்டவர் கந்தையா நடராசா, கோண்டாவில். வாலைப் பாருங்கள், மேலே நிற்கிறது.